சாணைக்குக் கொடுக்கும் முன் பில்லைத் தேடுங்கள்

பட்டறையில் வாங்கிய அரிவாளின் வாய் மடங்கினால் அதே கொல்லரிடம் போய் நிற்கலாம். மறுபடி காய்ச்சி, துவைச்சல் போட்டுத் தந்துவிடுவார். ஆட்டுக்குக் குழை வெட்டவும், கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் கழிக்கவும் திருச்சுழிப் பக்கம் அப்படித்தான் வாங்கிப் பழக்கம். இப்போது அருப்புக்கோட்டையில் எலக்ட்ரீசியன், மோட்டார் மெக்கானிக் இடுப்பில் தொங்குவது மடக்குக் கத்தியும் கருவிகளும் சேர்ந்த மல்டிடூல். அதன் கத்தி சரியில்லை என்றால் யாரிடம் போவது?

நான் ஆன்லைனில் வாங்கிய ஒன்றின் பெட்டியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று பெரிதாக இருந்தது. விரல் தடிமன் கருவேலங்குச்சி ஒன்றைச் சீவிவிட்டு, வாய் மேலே பார்க்க டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது. இதிலோ நெடுக ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. பக்கவாட்டில் நகத்தை இழுத்தால் தடுக்கியது. வாய் ஒரு பக்கமாக மடங்கிவிட்டது. உடனே சாணைக்காரரிடம் கொடுத்தேன்; அங்கேதான் தவறினேன். "நீங்களே தேய்த்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று விற்றவர் கைவிரித்துவிட்டார்.

ஸ்டெயின்லெஸ் என்றால் துரு எளிதில் பிடிக்காது, அவ்வளவுதான். கூர் நிற்பதற்கு எஃகில் போதிய கரிமம் வேண்டும்; காய்ச்சிக் குளிர்வித்த பதமும் சரியாக இருக்க வேண்டும். இந்தக் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். பெயர்பெற்ற சுவிஸ் மடக்குக் கத்திகளில் அது 56 அளவில் இருக்கும். பதம் குறைந்தால் வாய் மடங்கும், மிஞ்சினால் பல் பல்லாய்ப் பெயரும். காந்தம் ஒட்டினால் மட்டமான எஃகு என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். கத்திக்கு ஏற்ற ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். கூரைப் போலவே, விரித்த கத்தியை நிறுத்தும் பூட்டையும் பாருங்கள். விரித்த கத்தி பக்கவாட்டில் ஆடினாலோ, முதுகை மரக்கட்டையில் மெல்ல அழுத்தும்போது மடங்கினாலோ அதைத் தொடவே தொடாதீர்கள். மழுங்கிய கத்தியை நாம் கூடுதலாக அழுத்துவோம். அது வழுக்கும், பூட்டு விடும், போவது விரல்.

இப்படிக் குறையுள்ள பொருளை வாங்கியவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் அச்சடித்துவிட்டதால் குறையுள்ள பொருளை நம் தலையில் கட்டிவிட முடியாது. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்றும் சிலர் மிரட்டுவார்கள். சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. குறையுள்ள பொருளால் காயம்பட்டால் தனியாக இழப்பீடும் கேட்கலாம்.

ஆன்லைன் என்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். அசையவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மேல் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. தேவைப்பட்டால் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அங்கே போக வேண்டியது நீங்கள் வாங்கிய கூர். சாணை தொட்ட கூர் அல்ல.

ஆகவே வாங்கிய அன்றே பில்லையும் பெட்டியையும் போட்டோ எடுத்துவிடுங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, மாதம், ஆண்டு, விலை எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு குச்சியைச் சீவி, கூரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் அதையும் படம் எடுத்து, கத்தியைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வையுங்கள்.