கூடி வாழும் ஊர்களுக்கு ஒரு கேரவன்

கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் போகிறவர்களுக்குக் கேரவன் என்றால் உடனே தெரியும். படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டு, ஜெனரேட்டர் உறும நிற்கும் வண்டி. உள்ளே படுக்கை, கழிவறை, ஏசி எல்லாம் இருக்கும். நட்சத்திரங்கள் கூட்டத்திலிருந்து ஒதுங்கி இருப்பதற்கான இடம் அது. ஆனால் கூட்டமாக வாழ ஆசைப்பட்டவர்களும் இதே மாதிரி வண்டிகளில் ஏறிக் கிளம்பியிருக்கிறார்கள்.

1970 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஸ்டீபன் காஸ்கின் என்ற ஆசிரியரும் அவரைப் பின்பற்றியவர்களும் பழைய பள்ளிப் பேருந்துகளை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அந்த வண்டி வரிசை அமெரிக்காவைச் சுற்றி வந்தது. வழியில் பேருந்துக்குள்ளேயே பிரசவங்கள் நடந்தன. உடன் வந்த பெண்கள் மருத்துவச்சிகளானார்கள். 1971இல் டென்னசி மாநிலத்தில் நிலம் வாங்கி, அதே பேருந்துகளை வீடாக வைத்துக்கொண்டு 'தி ஃபார்ம்' என்ற ஊரை உருவாக்கினார்கள்.

தமிழகத்துக்கும் அப்படி ஒரு வாகன வரிசை வந்தது. 1969இல் பாரிஸிலிருந்து தரைவழியாகவே கிளம்பிய இளைஞர் கூட்டம் புதுச்சேரி அருகே உள்ள ஆரோவில் வந்து சேர்ந்தது. அவர்கள் தங்குவதற்காகக் குயிலாப்பாளையத்தை ஒட்டி எழுந்த குடியிருப்புதான் 'ஆஸ்பிரேஷன்'.

அவர்கள் கண்டம் தாண்டித் தேடிவந்தது நமக்கு ஒரு நாள் ஓட்டத்தில் இருக்கிறது. அடையாறில் ஏறி வடலூரில் இறங்கினால், சேர்ந்து வாழ்வது என்று முடிவெடுத்தவர்கள் ஒன்றரை நூற்றாண்டில் செய்து பார்த்த நான்கு முயற்சிகளைக் காணலாம். அவற்றைப் பார்க்கக் கேரவன் மாதிரி நல்ல வாகனம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடையாறு: வேலிக்கு வெளியே ஒரு பள்ளி

நியூயார்க்கில் 1875இல் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882இல் அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடியேறியது. இன்று 250 ஏக்கருக்கு மேல் விரிந்த அந்த வளாகத்தில் இந்துக் கோயில், பௌத்த ஆலயம், கிறிஸ்தவ தேவாலயம், மசூதி எல்லாம் உண்டு. சபையின் நிறுவனர்களில் ஒருவரான ஆல்காட் 1886இல் தொடங்கிய நூலகம் ஓலைச்சுவடிகளுக்குப் பேர்போனது.

என்னை அதிகம் கவர்வது 1894. பெரும்பாலான பள்ளிகள் வாசலில் சேர்க்காத தலித் பிள்ளைகளுக்காக ஆல்காட் அந்த ஆண்டு ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். பெசன்ட் நகரில் இருக்கும் ஆல்காட் நினைவுப் பள்ளி அந்த வழியில் வந்ததுதான். உலக சகோதரத்துவம் பேசிய சபை, தன் வேலிக்கு வெளியே இருந்த குப்பத்துப் பிள்ளையின் சிலேட்டுப் பலகை வரை இறங்கி வந்தது. கூடி வாழ்கிறோம் என்று சொல்கிற எவரிடமும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பக்கத்து ஊர்க்காரருக்கு நீங்கள் யார்?

ஈஞ்சம்பாக்கம்: காலையில் பாத்திக், மாலையில் ஓவியம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் அமைத்தது. அப்போது நவீன ஓவியத்தை வாங்க இங்கே ஆள் குறைவு. படித்து முடித்த பையன் விளம்பர நிறுவனத்துக்கோ ஜவுளி டிசைனுக்கோ போய்விட்டால் தூரிகை காய்ந்துவிடும். அதனால் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று கைவினைப் பொருள்களைச் சேர்ந்து செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். வயிற்றுப்பாட்டைக் கைவினை பார்த்துக்கொண்டதால் யாருக்காகவும் வளைந்துகொடுக்காமல் ஓவியம் வரைய முடிந்தது. சுல்தான் அலி, நந்தகோபால், சேனாதிபதி போன்றவர்களின் பெயரோடு இந்தக் கிராமத்தின் பெயரும் உலகம் சுற்றியது. 1977இல் பணிக்கர் மறைந்த பிறகும் ஊர் கலையவில்லை. ஒவ்வொருவருக்கும் சொந்த வீடு, எல்லாருக்கும் பொதுவான காட்சிக்கூடம் என்ற ஏற்பாடு அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆரோவில்: செம்மண்ணில் வளர்ந்த காடு

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாமரைத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கியது. அன்று அது மழைநீர் அரித்த செம்மண் மேடு. முதலில் வந்தவர்கள் கையில் எடுத்தது மண்வெட்டி. வரப்பு கட்டி, ஓடைகளைத் தடுத்து, மழைத்துளி விழுந்த இடத்திலேயே இறங்கும்படி செய்து, இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டைத் திரும்ப வளர்த்தார்கள். 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்டில் இன்றும் தன்னார்வலர்கள் காலையில் மரம் நடுவது, வரப்பு கட்டுவது, சமைப்பது என்று முறை வைத்து வேலை செய்கிறார்கள். சோலார் கிச்சனின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம் நீராவி தயாரிக்கிறது; கீழே நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமையல் நடக்கிறது.

இங்கே சண்டையும் உண்டு. 1973இல் ஆரோவில்லை நிறுவிய அன்னை மறைந்ததும் நிர்வாகம் யார் கையில் என்ற தகராறு முற்றி, 1980இல் நாடாளுமன்றம் அவசரகால ஏற்பாடுகள் சட்டமும் 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டமும் இயற்ற வேண்டி வந்தது. 50,000 பேருக்கென்று திட்டமிட்ட நகரத்தில் இன்றும் சில ஆயிரம் பேரே வசிக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் சாலைக்காக மரங்களை வெட்டுவது பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை போனது. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி மக்கள் அங்கே தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். மாத்ரிமந்திர் தியான மண்டபத்தின் பொன்னிறக் கோளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் இதில் எதையும் பார்ப்பதில்லை.

வடலூர்: அணையாத அடுப்பு

சென்னை ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் 1858வாக்கில் நகரத்தை விட்டுத் தெற்கே போனார். 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867 மே 23இல் வடலூர் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. சத்திய ஞானசபை எழுந்தது அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1872இல். சோறு முந்தியது, சபை பிந்தியது. ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்த நிலம், யார் வந்தாலும் இலை போடும் வழக்கம் இரண்டும்தான் அந்த இடத்தின் பலம்.

கொள்கை வேறு, காலம் வேறு, மனிதர் வேறு. ஆனாலும் நான்கு இடங்களையும் தாங்கிப் பிடித்தது அன்றாட வேலைதான். காந்தி 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே, நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையும் அப்படித்தான். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தமிழர்களின் குடும்பங்கள் அங்கே இருந்தன. சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர் நடந்தே போக வேண்டும் என்பது விதி. எதிர்முனையில் 'தி ஃபார்ம்', எல்லாம் பொதுச்சொத்து என்று பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்து, கடன் ஏறியதும் 1983இல் அவரவர் சம்பாத்தியம், மாதச் சந்தா என்று மாறியது.

வண்டியே முதல் பாடம்

இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரச் சுற்றுலா போதாது. தங்க வேண்டும், தங்கினால் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. படுக்கையையும் அடுப்பையும் கூடவே கொண்டுபோகிற பத்துப் பேர், போகிற இடத்துக்குச் சுமையாக இருக்க மாட்டார்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டு, காலை வேலையில் கைகொடுத்து, சாயங்காலம் உட்கார்ந்து பேசலாம். அதற்கும் முன்பே, ஒரே குழாய், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே கழிவறை என்று நாலு நாள் ஓடினால், பாத்திரம் யார் கழுவுவது என்ற கேள்வி வண்டிக்குள்ளேயே எழுந்துவிடும். கூட்டு வாழ்க்கையின் ஆதாரக் கேள்வி அதுதான்.

ஒரு எச்சரிக்கை. பழைய பேருந்தை வாங்கி நாமே பிரித்து மாற்றிவிட முடியாது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி கட்டிப் பதிவான வண்டியை வாடகைக்கு எடுப்பதே நல்லது. கழிவுநீரைக் கடற்கரை மணலில் திறந்துவிடாமல் உரிய இடத்தில்தான் இறக்க வேண்டும்.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. ஒரே சம்ப்பையும் ஒரே லிஃப்டையும் நம்பி இருபது குடும்பங்கள் வாழ்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோதுதான் பல குடியிருப்புகளில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே தெரியவந்தது. நாம் ஏற்கெனவே கூடித்தான் வாழ்கிறோம். அதை மனமறிந்து செய்யவில்லை, அவ்வளவுதான். ஆகவே அடுத்த விடுமுறைக்கு மலைவாசஸ்தலம் என்று யோசிக்கும் குடியிருப்போர் சங்கங்கள் ஒரு கேரவனை எடுத்துக்கொண்டு இந்தச் சாலையில் போய்வரட்டும். செலவைப் பங்கிடுவது, வேலையை முறைவைப்பது, மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பது, வாசலுக்கு வெளியே இருப்பவரையும் கணக்கில் சேர்ப்பது என இந்த நான்கையும் செய்து பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள், கூட வேலை செய்தால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.