பாஸ் பண்ணியாச்சு... பேச்சு வரலையே!

ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் தேற, ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. எச்.பி. பென்சிலும் அழிரப்பரும் போதும். கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கறுப்பாக்கினால் வேலை முடிந்தது. ஒலிப்பதிவைக் கேட்டு விடை சொல்லும் பகுதி உண்டு; அதற்குக் காது போதும். 1984-ல் தொடங்கிய இந்தத் தேர்வு, 2010-ல் என்-5 முதல் என்-1 வரை ஐந்து படிகளாக மாற்றியமைக்கப்பட்டது. அப்போதும் வாய்க்கு வேலை வைக்கவில்லை.

ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை இந்தத் தேர்வு நடக்கும். திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறிப் போய் எழுதிவிட்டு வரவேண்டும். 180 மதிப்பெண்ணுக்கு என்-5-ல் 80, என்-4-ல் 90 எடுத்தால் தேர்ச்சி. பகுதிவாரியாகவும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. சான்றிதழ் வந்ததும் வீட்டில் சர்க்கரைப் பொங்கல். சிக்கல் தொடங்குவது அதற்கு அப்புறம்தான்.

வேலை கொடுப்பவர் வீடியோ காலில் வருகிறார். “உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்” என்கிறார். வகுப்பில் நூறு முறை ஒப்பித்த ‘ஜிகோ ஷோகாய்’ மடமடவென்று வந்து விழுகிறது. பெயர், ஊர், படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் கச்சிதம். அடுத்து அவர் சாதாரணமாக, “திருவண்ணாமலையா? எப்படிப்பட்ட ஊர் அது?” என்று கேட்கிறார். மலையும் தெரியும், கோயிலும் தெரியும், அவற்றுக்கான ஜப்பானியச் சொற்களும் தெரியும். ஆனாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

வேலை கேட்பது வாயைத்தான்

முன்பெல்லாம் தமிழ்நாட்டில் ஜப்பானிய மொழி படித்தவர்களில் பெரும்பாலோர் மென்பொருள் நிறுவன ஊழியர்கள், அல்லது சென்னையைச் சுற்றியுள்ள ஜப்பானிய ஆலைகளின் ஆட்கள். ஆவணத்தைப் படித்து மொழிபெயர்த்தாலே சம்பளம் வந்தது. இன்று கதை வேறு. 2019 ஏப்ரலில் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசாவைக் கொண்டுவந்தது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டுமானம் போன்ற துறைகளில் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் ஏற்பாடு அது. 2021 ஜனவரியில் இந்தியாவும் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி டோக்கியோ சென்றபோது, ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வரவும், அவர்களில் 50,000 திறன் பணியாளர்கள் இந்தியாவிலிருந்து செல்லவும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

இந்த விசாவுக்கு ஜே.எல்.பி.டி. என்-4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற கணினித் தேர்வு வேண்டும். ஜே.எஃப்.டி.யில் 250-க்கு 200 எடுக்க வேண்டும். அதில் ‘உரையாடல்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதையும் மவுஸைக் கிளிக் செய்துதான் கடக்கிறோம்!

ஆனால், முதியோர் இல்லத்தில் படுக்கையில் இருக்கும் பாட்டி நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டார். “இங்கே வலிக்குது” என்பார், அல்லது முனகுவார், அல்லது ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையை ஆரம்பிப்பார். பணி மாறும்போது அடுத்து வருபவரிடம் யார் சாப்பிட்டார், யார் தூங்கவில்லை என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அங்கே பேச்சுதான் வேலை.

‘ஜப்பான்காரர் யாராவது வந்தா...’

பேசிப் பழகவில்லையா என்று கேட்டால், “யார்கிட்ட சார் பேசறது? இங்க ஜப்பான்காரங்க ஏது?” என்பதுதான் எல்லா ஊரிலும் கிடைக்கும் பதில். திருவண்ணாமலையில் அந்தச் சாக்குக்கும் இடமில்லை. டிசம்பர் தொடங்கி மார்ச் வரை செங்கம் சாலையில் வெளிநாட்டவர் நடமாட்டம் அதிகம். ரமணாசிரமத்தைத் தேடி வருகிற ஜப்பானியர்களும் அதில் உண்டு. ரமணரின் உபதேசங்கள் 1982-லேயே ஜப்பானிய மொழியில் நூலாக வந்துவிட்டன. மொழிபெயர்த்தவர், யாகுஷிமா தீவில் நிலத்தை உழுது வாழ்ந்த கவிஞர் யமாவோ சான்செய்.

அப்படியானால் ஆசிரம வாசலில் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் “கொன்னிச்சிவா” சொல்லலாமா? கூடாது. அவர்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தது நம் இலக்கணத்தைத் திருத்துவதற்காக அல்ல. பேசாமலே போதித்தவர் என்று பெயர் பெற்ற ரமணரின் சந்நிதியில் சும்மா உட்கார்ந்திருக்க வந்தவர்கள். வழி கேட்டால் சொல்லலாம், டீக்கடையில் அவர்களாகப் பேச்சுக் கொடுத்தால் பேசலாம். வகுப்புக்கான பயிற்சிப் பொருளாக அவர்களை ஆக்குவது விருந்தோம்பலுக்கு அழகில்லை.

பின் யாரிடம்தான் பேசுவது? பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படிப்பவரிடம். கேட்க உப்புச் சப்பில்லாமல் இருக்கலாம். பேச்சை வளர்க்க வேறு குறுக்குவழி இல்லை.

ஒரு விடுதியில் பிறந்த வழக்கம்

சென்னையில் ஜப்பானிய மொழி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது ‘ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய்’. வகுப்பு நடத்துவதோடு, சென்னையில் ஜே.எல்.பி.டி. தேர்வையும் நடத்தும் அமைப்பு. தோசோகாய் என்றால் பழைய மாணவர் சங்கம். ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பிய தொழில்நுட்பக்காரர்கள் ஒன்றுகூடி உருவாக்கியது.

இதன் வேர், டோக்கியோவில் மாணவர் விடுதி நடத்திய கொய்ச்சி ஹொசுமி (1902-1981) என்பவரிடம் போய்ச் சேரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய மாணவர்கள் இருந்த தன் விடுதியில் ஆசிய நாட்டு மாணவர்களையும் சேர்த்துத் தங்கவைத்தார். ஒரே கூரை, ஒரே சாப்பாட்டு மேசை. அந்த அனுபவத்திலிருந்து 1957-ல் ஆசிய மாணவர் பண்பாட்டுச் சங்கமும், 1959-ல் ஏ.ஓ.டி.எஸ். என்னும் தொழில்நுட்பப் பயிற்சி அமைப்பும் பிறந்தன. 1960-ல் ‘ஆசியா புன்கா கைகான்’ என்ற தங்குமிடம் திறக்கப்பட்டது. ஏ.பி.கே. என்பது அதன் சுருக்கம்.

தாய்லாந்துக்காரருக்கும் இந்தியருக்கும் இடையே அங்கே பொதுவாக இருந்தது, இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஜப்பானிய மொழி. “உப்பு எடுங்க” என்பதில் தொடங்கி, ஊர் அரசியல்வரை அந்த அரைகுறை மொழியிலேயே பேசியாக வேண்டும். கற்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் மொழி வளரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

நமக்கு இது பழக்கப்பட்ட தெரு

தமிழருக்கு இதில் தனிச் சலுகையே இருக்கிறது. ‘நாளைக்கு அம்மாவோட கோயிலுக்குப் போறேன்’ என்பதை ‘அஷ்தா ஹஹா தோ ஒதெரா நி இகிமாசு’ என்று சொற்களை வரிசை மாற்றாமல் அப்படியே சொல்லலாம். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ (1919-2008) வாழ்நாள் முழுக்க வாதாடினார். மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், வாக்கிய அமைப்பு நமக்குச் சாதகம். ஆங்கிலம் பேசும்போது தலைகீழாக யோசிக்கும் அந்த அரை விநாடி இங்கே மிச்சம்.

பேச்சு நாகரிகமும் அப்படித்தான். கதை கேட்கும் பிள்ளை ‘உம்’ கொட்டாவிட்டால் நம் பாட்டிமார் கதையை நிறுத்திவிடுவார்கள். ஜப்பானியரும் கேட்கிற நேரமெல்லாம் ‘ஹாய்’, ‘ஏ’, ‘சோ தெசு நே’ என்று உம் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். கொட்டாவிட்டால், கேட்கிறாரா தூங்குகிறாரா என்று எதிராளிக்குச் சந்தேகம் வந்துவிடும். தேர்வுக்குப் படித்த நம் மாணவர்களோ, வாயைத் திறந்தால் முழு வாக்கியம்தான் வரவேண்டும் என்று நினைத்துச் சிலையாக நிற்கிறார்கள்.

முன்பின் தெரியாதவரையும் அண்ணா, பாட்டி என்று அழைப்பது நம் வழக்கம். அங்கேயும் ‘ஒனீசான்’, ‘ஒபாஆசான்’ உண்டு. தெருவில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “என்ன, வெளிய கிளம்பிட்டீங்களா?” என்பார். நாம் “இதோ, இங்கதான்” என்று சொல்லி நகர்வோம். எங்கே என்று அவரும் கேட்கமாட்டார், நாமும் சொல்லமாட்டோம். ஜப்பானியத் தெருவிலும் இதே நாடகம்தான்: “ஒதேகாகே தெசு கா?” “ஏ, ச்சோத்தோ சோகோ மாதே.” ஜப்பானியப் பாடப்புத்தகத்தின் முதல் பாடத்தில் வரும் அமெரிக்கர் மில்லருக்கு இது புதிராக இருக்கலாம். திருவண்ணாமலைப் பே கோபுரத் தெருக்காரருக்கு விளக்கவே வேண்டாம்.

பேச்சைக் கிளப்பச் சில வழிகள்

‘பேசுங்க, பேசுங்க’ என்று சென்செய் (ஆசிரியர்) கெஞ்சினால் யாரும் பேசுவதில்லை. பேசியே தீர வேண்டிய ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.

முதலில், பதிலோடு ஒரு கேள்வியும் போகட்டும். “இட்லி சாப்பிட்டேன்” என்றால் பேச்சு செத்தது. “இட்லி சாப்பிட்டேன், நீங்க?” என்றால் பந்து எதிர்ப் பக்கம் போய்விட்டது.

இரண்டாவது, படிகளைக் கலக்க வேண்டும். என்-5 மாணவரை என்-5 மாணவரோடு மட்டும் உட்காரவைத்தால் இருவரும் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். என்-3 முடித்த ‘செம்பாய்’ (மூத்த மாணவர்) ஒருவர் நடுவில் இருந்தால் சின்னவருக்குப் புதுச் சொல் கிடைக்கும். பெரியவருக்கும் லாபம் உண்டு. தெரிந்ததை எளிமையாகச் சொல்லிப் பார்ப்பது உயர்ந்த பயிற்சி.

மூன்றாவது, பேசும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். தவறைக் குறித்துவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதலாம்.

நான்காவது, ‘மோ இச்சிதோ ஒனேகாய்ஷிமாசு’ (இன்னொரு தடவை சொல்லுங்க) என்பதை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள். புரியாததை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டுத் தலையாட்டுவதுதான் பேச்சுக்கு முதல் எதிரி.

கூச்சம் உடைய ‘ஷிரிதோரி’ இருக்கிறது. நம் சினிமாப் பாட்டு அந்தாக்ஷரியின் ஒன்றுவிட்ட தம்பி. சகுரா என்றால் அடுத்தவர் ராஜியோ, அதற்கடுத்தவர் ஒனிகிரி, பிறகு ரிங்கோ. ‘ன்’னில் முடியும் சொல்லைச் சொன்னவர் அவுட். பேச விஷயம் வேண்டுமா? ‘முத்து’வில் தொடங்குங்கள். 1998-ல் டோக்கியோவின் ஷிபுயாவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடிய படம். ரஜினியைப் பற்றி எதுவும் சொல்லத் தெரியாத மாணவர் இந்த ஊரில் இருக்க முடியாது.

எட்டு லிங்கம், எட்டு பேச்சு

திருவண்ணாமலைக்கென்றே ஒரு யோசனை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவர்கள்கூட, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது தாராளமாகப் பேசுவார்கள். இருவர் இருவராக நடக்கட்டும். வழியில் வரும் எட்டு லிங்கங்களில் ஒவ்வொன்றிலும் ஜோடியும் பேச்சும் மாறட்டும்.

இந்திர லிங்கத்தில் அறிமுகம். அக்னி லிங்கத்தில் அடுப்படி, சமையல். எம லிங்கத்தில் உடம்பு, மருத்துவர், மருந்துக்கடை. நிருதி லிங்கத்தில் வழி கேட்பதும் சொல்வதும். வருண லிங்கத்தில் மழையும் வெயிலும். வானிலையைப் பேசாமல் ஜப்பானியர் எதையும் தொடங்குவதில்லை. வாயு லிங்கத்தில் பயணம். குபேர லிங்கத்தில் விலை, சம்பளம், வீட்டு வாடகை. ஈசான லிங்கத்தில் அடுத்த வாரத் திட்டமும் விடைபெறுதலும்.

பௌர்ணமியன்று வேண்டாம், லட்சக்கணக்கில் பக்தர்கள் நடக்கும் நாள் அது. சாதாரண ஞாயிற்றுக்கிழமை விடிகாலை போதும். அன்றும் நாமம் சொல்லி நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத குரலில் பேச வேண்டும். ஆசிரமங்களைக் கடக்கும்போது வாயை மூடிக்கொண்டு, தாண்டியதும் விட்ட இடத்தில் தொடரலாம்.

“தப்பும் தவறுமா ரெண்டு பேர் பேசிக்கிட்டா, அந்தத் தப்பே ஊறிடாதா?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான பயம்தான். அதற்குத்தான் செம்பாயும், கடைசி ஐந்து நிமிடப் பலகையும். தவறாகப் பேசியவரைத் திருத்த வழி இருக்கிறது. பேசவே பேசாதவரிடம் திருத்த என்ன இருக்கிறது?

அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் அன்றே பேச்சுத் துணையாக ஒருவரையும் பிடித்துவிடுங்கள். சான்றிதழ் விசா வாங்கித் தரும். அங்கே போய் இறங்கிய பிறகு காப்பாற்றப்போவது, இங்கே கூச்சத்தை விட்டுப் பேசித் தீர்த்த மணி நேரங்கள்தான்.