வெளிச்சம் கொட்டுது, பந்தைக் காணோம்! டென்னிஸ் கோர்ட்டுக்கு எல்.இ.டி. வாங்கும் சங்கங்கள் ஏமாறுவது எங்கே?

சேக்காடு:-

பந்து மேலே போனது. ஆட்டக்காரர் அண்ணாந்து பார்த்தார். "பளீர்" என்று விளக்கு கண்ணில் அடித்தது. மட்டையை வீசினார். பந்து அவர் காலடியில் விழுந்தது.

விளக்கைத் தப்பாக மாட்டிய எந்த டென்னிஸ் கோர்ட்டிலும் ராத்திரியில் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சம் இல்லை. செலவும் குறைவில்லை. ஆனால் பந்துதான் தெரியாது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மணி ஏழு

சேக்காட்டுக்கு ஒரு பக்கம் ஆவடி டாங்கி தொழிற்சாலை. இன்னொரு பக்கம் பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பார்க். நடுவே அடுக்குமாடி வீடுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

வேலைக்குப் போனவர்கள் இந்து கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி வீடு வந்து சேர மணி ஏழு ஆகிவிடுகிறது. சென்னையில் ஜூலை மாதத்தில்கூட ஆறே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். நவம்பரில் ஐந்தே முக்காலுக்கே அஸ்தமனம். ஆக, வேலைக்குப் போகிறவர் வார நாளில் டென்னிஸ் ஆட வேண்டும் என்றால் விளக்கு வெளிச்சத்தில்தான் ஆட முடியும்.

குடியிருப்புச் சங்கம் கோர்ட்டு போடும்போது தரை, கம்பி வலை எல்லாம் பேரம் பேசி முடித்து, கையில் மிச்சம் இருக்கிற காசில்தான் விளக்குக்கு வருவார்கள். "எத்தனை வாட்ஸ்?" என்பார்கள். பணம் போவது அந்தக் கேள்வியில்தான்.

வாட்ஸ் என்பது விளக்கு குடிக்கிற கரண்டு. கொடுக்கிற வெளிச்சம் அல்ல!

நடால் ஆடிய இரவு

இந்த ஊரில் ராத்திரி டென்னிஸ் ஒன்றும் புதிது அல்ல. இந்து கல்லூரியில் ரெயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறினால் நுங்கம்பாக்கம். அங்கே 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய டென்னிஸ் ஸ்டேடியம் இருக்கிறது. 1997 முதல் 2017 வரை சென்னை ஓபன் நடந்தது அங்கேதான்.

2008 ஜனவரி 5, சனிக்கிழமை. அரை இறுதியில் ரபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். மூன்று செட்டும் டைபிரேக்கர். 3 மணி 54 நிமிடம்! ஜெயித்தது நடால். மறுநாள் இறுதி ஆட்டத்தில் களைத்துப்போய் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று சுருண்டார். (தோற்ற மோயாவே பிற்காலத்தில் நடாலுக்குக் கோச் ஆனது தனிக் கதை.)

அந்தக் காலத்தில் பெரிய ஸ்டேடியங்களில் பெரும்பாலும் "மெட்டல் ஹாலைடு" விளக்குதான். சுவிட்ச் போட்டால் முழு வெளிச்சம் வர சில நிமிடம் ஆகும். கரண்டு ஒரு நொடி போய் வந்தால் அதோகதி. விளக்கு சூடு ஆறி மறுபடி பற்ற பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதுவரை ஆட்டக்காரர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எல்.இ.டி. அப்படி இல்லை. சுவிட்ச் போட்டதும் எரியும். பூச்சியும் குறைவாகத்தான் மொய்க்கும். மின் கட்டணம் பாதிக்கும் கீழே வரும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கோர்ட்டுக்கு 1000 வாட்ஸ் மெட்டல் ஹாலைடு எட்டு என்றால் மணிக்கு 8 யூனிட். தினம் மூன்று மணி நேரம் எரித்தால் மாதம் 720 யூனிட். அதே இடத்தில் நல்ல 400 வாட்ஸ் எல்.இ.டி. எட்டு போட்டால் மாதம் 288 யூனிட்தான்.

"நல்ல" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரே வாட்ஸில் ஒரு விளக்கு கொடுக்கிற வெளிச்சத்தில் பாதிகூட இன்னொன்று கொடுக்காது. வெளிச்சத்துக்குக் கணக்கு "லூமன்". அட்டைப் பெட்டியில் அதைத்தான் தேட வேண்டும்.

மூலையில் இருட்டு

தரையில் விழுகிற வெளிச்சத்தை "லக்ஸ்" என்று அளக்கிறார்கள். ஐரோப்பியத் தர விதிப்படி பெரிய போட்டிக்கு 500 லக்ஸ், கிளப் ஆட்டத்துக்கு 300, பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு 200. தெருவிளக்கின் கீழே இருபது, முப்பது லக்ஸ் இருந்தாலே பெரிசு.

குடியிருப்புக்கு 300 தாராளம். ஆனால் அது சராசரி. நடுவில் 600 அடித்து மூலையில் 80 இருந்தாலும் சராசரி நன்றாகத்தான் காட்டும்! வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பாய்கிற பந்து கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால்தான் அதே விதி, சராசரியில் பத்தில் ஏழு பங்கு வெளிச்சம் கடைசி மூலையிலும் இருக்க வேண்டும் என்கிறது. சராசரி 300 என்றால் எந்த இடமும் 210-க்குக் கீழே போகக் கூடாது.

கம்பம் எங்கே?

எல்லாவற்றையும் கெடுப்பது கம்பம்தான்.

கோர்ட்டின் இரண்டு பின்பக்கமும் கம்பம் நட்டால் ஆட்டக்காரர் எதிரியைப் பார்க்கும்போதெல்லாம் விளக்கையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில்தான் நட வேண்டும். உயரம் குறைந்தது 8 மீட்டர். 10 என்றால் இன்னும் நல்லது. காசை மிச்சம் பிடிக்க ஆறு மீட்டர் கம்பம் நட்டு, எட்டாத இடத்துக்கு வெளிச்சம் போக விளக்கை மேலே தூக்கித் திருப்புவார்கள். அங்கேதான் வினை. பாதி வெளிச்சம் ஆட்டக்காரர் கண்ணில். மீதி எதிர் வீட்டு இரண்டாவது மாடி படுக்கை அறையில்.

குழந்தை தூங்கவில்லை என்று எதிர் வீட்டு அம்மா சண்டைக்கு வந்தால் அவர் பேரில் தப்பு சொல்ல முடியாது. விளக்கின் முகம் தரையைப் பார்த்தபடி இருக்க, வெளிச்சம் மட்டும் முன்னால் சாய்ந்து விழுகிற மாதிரி டென்னிசுக்கென்றே விளக்குகள் இருக்கின்றன. விலை கூடத்தான். சண்டை இல்லை.

45 வருஷம் எரியுமா?

"50 ஆயிரம் மணி நேரம் உழைக்கும்" என்று விற்கிறார்கள். தினம் மூன்று மணி நேரம் என்றால் 45 வருஷத்துக்கு மேல் வருகிறது! எல்.இ.டி. சிப்பு ஒருவேளை தாங்கும். அதற்குக் கரண்டு கொடுக்கிற "டிரைவர்" என்ற பெட்டி தாங்காது. வோல்டேஜ் ஏறி இறங்கினாலும், இடி இடித்தாலும் முதலில் போவது அதுதான். 10 கிலோ வோல்ட் வரை தாங்கும் இடி பாதுகாப்பு இருக்கிறதா, டிரைவருக்குத் தனி வாரண்டி உண்டா, பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மழை, தூசி புகாததற்கு ஐ.பி. 65 முத்திரை.

மட்டமான டிரைவர் என்றால் விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. செல்போனில் "ஸ்லோ மோஷன்" எடுத்தால் குட்டு வெளிப்படும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆவடி வட்டாரம் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. விளக்குக் கம்பம் இரும்பு. எர்த் இல்லாமல், ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் போட்டால், ஈரத் தரையில் பந்து பொறுக்கப் போகிற பையன் கம்பத்தைத் தொட்டால் என்ன ஆகும்? ஜங்ஷன் பெட்டியைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இதில் பேரம் கூடாது.

கடைசித் தவணை

ஆர்டர் கொடுக்கும் முன்பே "லக்ஸ் பிளான்" கேட்டு வாங்கலாம். எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று கம்ப்யூட்டர் போட்ட படம் அது. தரமான கம்பெனி கொடுக்கும். மழுப்புகிற ஆளிடம் உஷார்!

விளக்கு மாட்டியதும் பகலில் பார்த்துவிட்டு செக்கு எழுதிவிடக் கூடாது. இருட்டிய பிறகு லக்ஸ் மீட்டரோடு ஆளை வரச் சொல்ல வேண்டும். வலைக்குப் பக்கத்தில் மட்டும் வைத்து "பாருங்க சார், 400!" என்பார். அவரைக் கையோடு நான்கு மூலைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிறகு ஒருவர் சர்வீஸ் கோட்டில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொருவர் எதிர் வீட்டு மாடிக்குப் போய், அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.