சீடியை வட்டமாகத் துடைக்கலாமா?

கச்சான் காற்றுக் காலத்தில் கந்தளாய் வீடுகளுக்குள் வயல் தூசி நுழைந்துவிடும். சீடி பிளேயரில் பாட்டு விக்கும். உடனே தட்டை எடுத்து, பழைய இசைத்தட்டைப் போல வட்டமாகத் துடைப்போம். அதுதான் கேடு.

சீடியில் இருப்பது நடுவிலிருந்து விளிம்புக்குச் சுற்றிச் செல்லும் ஒரே தடம். சுற்றுகளுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர்தான். தடத்துக்குக் குறுக்கே கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் அழியும். தடத்தின் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் இழப்பைக்கூடப் பிழைதிருத்தக் கணக்கு ஈடுசெய்துவிடும். கீறல் தடத்தோடேயே ஓடினால் அதுவும் கைவிட்டுவிடும். ஆகவே மென்துணியால் நடுவிலிருந்து நேராக வெளியே துடையுங்கள்.

படம் அச்சிட்ட பக்கம்தான் உண்மையில் நோஞ்சான். லேசர் நுழையும் பக்கத்துக்கு 1.2 மில்லிமீட்டர் பொலிகார்பனேட் காவல்; இங்கே அலுமினியத்தின்மேல் மெல்லிய பூச்சு மட்டுமே.

எந்தத் தட்டைப் போட்டாலும் விக்கினால், லென்ஸில் தூசி இருக்கலாம்.