மூன்று குட்டிகளில் ஒன்று: டூடில் நாய்களைப் பற்றி விற்பவர்கள் சொல்லாதவை

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் குடும்பப் படங்களில் அண்மைக் காலமாக ஒரு நாயும் சேர்ந்து நிற்பதைக் காணலாம். கரடிப் பொம்மை போன்ற முகம், சுருள் முடி, கண்ணை மறைக்கும் புருவம். என்ன இனம் என்று கேட்டால் லப்ரடூடில், கோல்டன்டூடில், கொக்கப்பூ, கவப்பூ என்று ஏதாவது ஒரு பெயர் வரும். கூடவே இன்னொரு வசனமும் வரும்: “இதுக்கு முடி கொட்டாது, அலர்ஜி வராது. அதுதான் பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தும் வாங்கினனாங்கள்.” அந்த வசனத்தை நம்பித்தான் ஒரு குட்டிக்கு ஆயிரக்கணக்கில் பணம் கைமாறுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை?

முதலில் பெயரைப் பார்ப்போம். டூடில் என்பது ஒரு நாய் இனம் அல்ல. பூடில் நாயை வேறோர் இனத்துடன் சேர்த்துப் பெறும் கலப்புக் குட்டிகளுக்கான பொதுப் பெயர் அது. லப்ரடோருடன் சேர்ந்தால் லப்ரடூடில். கோல்டன் ரிட்ரீவருடன் சேர்ந்தால் கோல்டன்டூடில். கொக்கர் ஸ்பானியலுடன் கொக்கப்பூ, கவலியர் ஸ்பானியலுடன் கவப்பூ. பூடிலிலேயே பெரியது, சிறியது, மிகச் சிறியது என்று பல அளவுகள் இருப்பதால், ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு நாய்கள் அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

கொக்கப்பூ 1960களிலேயே அமெரிக்காவில் அறியப்பட்டிருந்தது. ஆனால் இன்றைய மோகத்துக்கு வித்திட்டது அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் நடந்த ஒரு சம்பவம். அங்குள்ள றோயல் வழிகாட்டி நாய்கள் சங்கத்தில் நாய் வளர்ப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் வாலி கொன்றன். 1980களில் ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண் ஒருவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். தனக்கு ஒரு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது, ஏதாவது வழி உண்டா என்பதே அவரது கேள்வி. போரில் பார்வையை இழந்தவர்களோடு வாழும் எங்கள் குடும்பங்களுக்கு அந்தக் கடிதத்தின் கனத்தை விளக்கத் தேவையில்லை. இன்னொருவரின் கையைப் பிடிக்காமல் கடைக்குப் போய்வருவது எவ்வளவு பெரிய விடயம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கொன்றனுக்கு முதலில் தோன்றியது பூடில்தான். அதன் முடி மற்ற நாய்களின் முடிபோல் வீடெங்கும் உதிர்வதில்லை. 33 பூடில்களைப் பரீட்சித்துப் பார்த்தார். ஒன்றுகூட வழிகாட்டும் வேலைக்குச் சரிவரவில்லை. பிறகுதான் 1989ஆம் ஆண்டில் ஒரு பூடிலையும் வழிகாட்டும் வேலைக்குப் பேர்போன லப்ரடோர் ஒன்றையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் உமிழ்நீரையும் ஹவாய்க்கு அனுப்பி, அந்தக் கணவரிடம் சோதித்தார்கள். மூன்றில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துவந்தது. சுல்தான் என்று பெயரிடப்பட்ட அந்த நாய் ஹவாய்க்குப் போய் அந்தப் பெண்ணுக்கு வழிகாட்டியது.

ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த மூன்றில் இரண்டு தவறிப்போயின. அதுவும் சோதித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. விளம்பரங்களில் காணாமல் போவது இந்தப் பகுதிதான்.

மீதிக் குட்டிகளை வளர்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். கலப்பு நாயை எடுக்க எவரும் முன்வரவில்லை. அப்போதுதான் ‘லப்ரடூடில்’ என்ற பெயரைக் கொன்றன் செய்திக்காரர்களிடம் சொன்னார். நாய் மாறவில்லை, பெயர்தான் மாறியது. தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. 2009 ஜனவரியில் பராக் ஒபாமா, ஒவ்வாமை உள்ள தன் மகளுக்காகப் பார்க்கும் நாய்களில் லப்ரடூடிலும் ஒன்று என்று சொன்னபோது அந்தப் பெயர் உலகெங்கும் போனது. கடைசியில் அவர்களிடம் வந்து சேர்ந்தது போர்த்துக்கேய நீர்நாய் இனம் என்பது வேறு கதை. கொன்றனோ பிற்காலத்தில் தன் படைப்பை வாழ்நாள் வருத்தமாகவே பேசினார். காசுக்காக எந்தப் பரிசோதனையும் இல்லாமல் குட்டி போடவைக்கும் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டேன் என்பது அவரது கவலை.

சரி, மற்ற இனங்களிலிருந்து டூடில் எங்கே வேறுபடுகிறது? ஓர் இனம் என்றால் அதன் வம்சப் பதிவேடு மூடியிருக்கும். லப்ரடோரும் லப்ரடோரும் சேர்ந்தால் லப்ரடோர்தான் பிறக்கும்; குட்டி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். டூடிலில் அந்த உத்தரவாதம் இல்லை. பிரித்தானிய, அமெரிக்க கென்னல் கழகங்கள் அவற்றை இனமாக ஏற்காததும் இதனால்தான்.

நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மூன்று பரம்பரை அலகுகள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஒன்று முடியின் நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, மற்றது தாடி, மீசை, அடர்ந்த புருவத்துக்கு. டூடிலின் கரடிப் பொம்மை முகத்தைத் தருவது இந்தக் கடைசி அலகு. அது ஆட்சியுடையது. அதனால் பூடிலுக்கும் லப்ரடோருக்கும் பிறக்கும் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தாடி வரும். ஆனால் அப்படிப் பிறந்த இரண்டு டூடில்களை மீண்டும் சேர்த்தால், பாடசாலையில் படித்த மெண்டலின் கணக்குப்படி, நான்கில் ஒன்று தாடியே இல்லாமல் லப்ரடோர் போல முடி கொட்டிக்கொண்டு வரும். இதைத் தவிர்க்கத்தான் பலர் டூடிலைத் திரும்பவும் பூடிலுடனேயே சேர்க்கிறார்கள். பல தலைமுறை கடந்த ‘அவுஸ்திரேலிய லப்ரடூடில்’ நாய்களின் மரபணுத் தொகுதியை 2020இல் ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும் பங்கு பூடிலாகவே இருந்தது. பூடில் என்று விற்றால் போகாத நாய் வேறு பெயரில் போகிறது என்று சொன்னால் பிழையில்லை.

கலப்பு என்பதில் இழிவு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் நாய்களும் கலப்புத்தான். ஆனால் அவை தலைமுறை தலைமுறையாகத் தாமே இணைந்து, கட்டை முடியோடும் வெயில் தாங்கும் உடலோடும் பிழைத்து வந்தவை. டூடில் இரண்டு மூடிய வம்சங்களை மனிதர் ஒரே தலைமுறையில் சேர்த்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அடுத்தது ஒவ்வாமை. நாய் ஒவ்வாமையை உண்டாக்குவது முடி அல்ல. நாயின் உமிழ்நீரிலும் தோல் பொருக்கிலும் இருக்கும் புரதங்கள்தான் காரணம். முடி அவற்றைச் சுமக்கும் வாகனம் மட்டுமே. முடி கொட்டாத நாயும் நக்கும். அதற்கும் தோல் உரியும். அமெரிக்காவில் 173 வீடுகளின் தூசியைச் சோதித்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், ‘ஒவ்வாமை தராத’ நாய்கள் இருந்த வீடுகளுக்கும் மற்ற நாய்கள் இருந்த வீடுகளுக்கும் இடையில் வேறுபாடு தெரியவில்லை. மறு ஆண்டு நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இன்னும் சங்கடமானது. லப்ரடூடில், பூடில் போன்ற நாய்களின் முடியில் அந்தப் புரதங்களில் முக்கியமான ஒன்று மற்ற நாய்களின் முடியில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. லப்ரடூடில் வீடுகளின் தரைத் தூசியில் சற்றுக் குறைவாக இருந்தாலும், காற்றில் வேறுபாடு இல்லை. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட நாய் ஒத்துவரலாம், சுல்தானைப் போல. பெயரைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் வீட்டில் இது வெறும் தகவல் அல்ல. நாயை நேசிக்கத் தொடங்கிய பிள்ளையிடமிருந்து அதைப் பிரிக்க வேண்டிய நிலை வந்தால், பிள்ளைக்கும் துன்பம், நாய்க்கும் துன்பம்.

கலப்பு நாய்க்கு நோய் குறைவு என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். பிரித்தானியாவின் றோயல் மிருக வைத்தியக் கல்லூரி கொக்கப்பூ, லப்ரடூடில், கவப்பூ ஆகிய மூன்றையும் அவற்றின் தாய் தந்தை இனங்களோடு ஒப்பிட்டு 2024இல் முடிவுகளை வெளியிட்டது. 57 நோய்களைப் பார்த்தார்கள். 100க்கு 86க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளில் வேறுபாடு இல்லை. அதாவது மோசமும் இல்லை, மேலும் இல்லை. காரணம் எளிது: இரு பக்கத்திலும் ஒரே குறை இருந்தால் கலப்பு அதை நீக்காது. லப்ரடோருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரும், பெரிய பூடிலுக்கும் வரும். விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து நாய் குருடாகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதற்கான ஒரே பிறழ்வு இவ்விரு இனங்களிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதைக் காவினால், பார்வையற்றவருக்கு வழிகாட்டவென்று உருவான அந்தக் கலப்பிலேயே பார்வை இழக்கும் குட்டி பிறக்கலாம். தாயையும் தகப்பனையும் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினால் இதைத் தவிர்த்துவிடலாம். காசுக்காகக் குட்டி போடவைப்பவர் அந்தச் செலவைச் செய்வாரா என்பதுதான் கேள்வி.

முடி கொட்டாது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உதிர வேண்டிய முடி எங்கே போகிறது? நாயின் உடம்பிலேயே தங்குகிறது. உதிர்ந்த முடி நிற்கும் முடியோடு பின்னிச் சிக்காகி, கம்பளம்போல் தோலை ஒட்டிப் படியும். காதுக்குப் பின்னால், கால் இடுக்கில், கழுத்துப் பட்டி உரசும் இடத்தில் இது முதலில் தொடங்கும். மேலால் தடவினால் பஞ்சுபோல இருக்கும். அடியில் தோல் இழுபட்டு, ஈரம் தங்கி, புண்ணாகியிருக்கும். அந்த நிலைக்குப் போனால் முழுவதையும் மழிப்பதைத் தவிர வழியில்லை. நாளாந்தம் அடிமுடி வரை சீவ வேண்டும், ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும். மேலை நாடுகளில் அந்தக் கூலி சிறிய தொகை அல்ல.

குணத்தையும் மறக்கக் கூடாது. பூடில் முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. தண்ணீரில் நீந்திப் பறவைகளைக் கவ்விவர வளர்க்கப்பட்ட வேட்டை நாய் அது. லப்ரடோரும் அதே தொழில்தான். இரண்டும் சேர்ந்த நாயைத் தொடர்மாடி வீட்டில் காலை முதல் மாலை வரை தனியே பூட்டிவிட்டு இருவரும் வேலைக்குப் போனால், அது கதிரையைக் கடிக்கும், ஓயாமல் குரைக்கும். அதை நாயின் குற்றம் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் இன்னும் வாங்கவில்லையென்றால், இணையத்தில் படம் பார்த்துக் காசு அனுப்புவதற்கு முன் குட்டியைத் தாயோடு சேர்த்து நேரில் பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2020 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் வியாபாரமாக விற்பது சட்டவிரோதம். தாய் தகப்பனின் இடுப்பு, கண் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்கட்டும். ஒவ்வாமை உள்ளவர் ஒரு நாள் மட்டுமல்ல, பல நாட்கள் அந்தக் குட்டியோடேயே சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால், இன்றிரவு ஒரு சீப்பை எடுத்துக் காதுக்குப் பின்னால் தோல் வரை சீவிப் பார்க்கச் சொல்லுங்கள்.