தும்புரு தீர்த்தம்: காமிராவுடன் ஒரு நாள் நடை

திருப்பதியிலும் சித்தூரிலும் வேலை பார்க்கும் நம்மவர்களில் ஏழுமலையானைத் தரிசிக்காதவர் அரிது. ஆனால் கோயிலுக்கு அப்பால், சேஷாசலக் காட்டுக்குள் இருக்கும் தும்புரு தீர்த்தத்தைப் பார்த்தவர்கள் குறைவே. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் தீர்த்த முக்கோட்டியின்போது மட்டுமே பக்தர்களை அங்கே அனுமதிப்பது வழக்கம். அன்று எடுக்கத் தவறிய படத்துக்கு அடுத்த பங்குனிவரை காத்திருக்க வேண்டும்.

திருமலையிலிருந்து பாபவிநாசம்வரை பஸ் உண்டு. அதன் பிறகு கல்லும் வேருமான காட்டுப் பாதையில் நடைதான். போகப் போக மலை இரண்டாகப் பிளந்ததுபோல் இருபுறமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வருகின்றன. இவை 150 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட குவார்ட்சைட் பாறைகள். வெடிப்புகளின் வழியே உடைவதால்தான் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. நடுவே ஓடும் நீரில் இறங்கி நடந்தால் சுனையை அடையலாம். தெலுங்குக் கவிஞர் தரிகொண்ட வெங்கமாம்பா இந்தப் பள்ளத்தாக்கில் தவமிருந்ததாகச் சொல்வார்கள்.

வெளிச்சம் பார்த்து எடுங்கள்

படம் எடுப்பவருக்கு இங்கே பெரிய சோதனை வெளிச்சம்தான். மேலே வானம் கண்ணைக் கூசும். கீழே பாறை இருண்டிருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்தால் ஒன்று வெளுத்துப்போகும், அல்லது மற்றொன்று கறுத்துப்போகும். வானத்தை விட்டுவிடுங்கள். வெயில் நேரே விழும் பாறையை விட, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விழும் பாறையே நல்ல நிறம் காட்டும். செல்போனில் எடுப்பவர்கள் திரையில் பிரகாசமான இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும். சுவரின் உயரம் தெரிய, அதன் அடியில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கால் பத்திரம்

நனைந்த பாறை வழுக்கும். திரையைப் பார்த்தபடி பின்னால் நகரவே கூடாது. நின்ற பிறகு எடுங்கள், எடுத்த பிறகு நடங்கள். போனைப் பாலிதீன் உறையில் போட நினைக்காதீர்கள். திருமலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. கெட்டித் துணிப்பையே நல்லது. காட்டில் சிறுத்தை உண்டு. கூட்டத்தை விட்டு விலகாமல், இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் இந்த நடையைத் தவிர்க்குமாறு தேவஸ்தானம் கேட்டுக்கொள்கிறது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு நீங்கள் கொண்டுபோகும் படம்தான் தும்புரு தீர்த்தம். உங்கள் முகம் ஒரு படத்தில் இருந்தால் போதும்; மற்றவற்றில் மலையும் தண்ணீரும் இருக்கட்டும்.