ஹெட் போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம்?

டிராக்டர், டீசல் பம்ப்செட் இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றி மாட்டும்போது, ஸ்பேனரில் குழாயைச் செருகி முறுக்குவது பலரின் வழக்கம். இது ஆபத்து.

போல்ட்டும் ஸ்பிரிங் மாதிரிதான். அளவாக முறுக்கினால் லேசாக நீண்டு, ஹெட்டை இழுத்துப் பிடிக்கும். அளவு மீறினால் நீண்டபடியே நின்றுவிடும். மரை போகும், போல்ட் உடையவும் செய்யும். முறுக்கு குறைந்தால் கேஸ்கெட் ஒழுகி, தண்ணீர் ஆயிலில் கலந்து இன்ஜினையே கெடுக்கும்.

மரைகளைச் சுத்தம் செய்து, முதலில் கையால் திருகுங்கள். பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு, நடு போல்ட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் படிப்படியாக முறுக்க வேண்டும்.

1 மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 10 கிலோ எடை தொங்கினால், அது சுமார் 98 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். மெக்கானிக்கிடம் அதைக் காட்டி, அந்த அளவிலேயே முறுக்கச் சொல்லுங்கள்.